உட்காரச் சொன்னவரை அடித்தேன்

திருவனந்தபுரத்தில் பிராந்திக் கடை வரிசையில் யாரும் யாரையும் இடிப்பதில்லை. வந்த புதிதில் எனக்கு அதுதான் ஆச்சரியம். எங்கள் ஊர் ஆலங்குளத்தில் கம்பிக்கு நடுவே ஐம்பது கை நீளும், அடுத்தவன் முழங்கை மூக்கில் படும், அடிதடியில்லாமல் பாட்டில் கைக்கு வராது. இங்கே வேட்டியை மடித்துக் கட்டியவர்களும் ஆபீஸ் பை மாட்டியவர்களும் ரேஷனுக்கு நிற்பதுபோல வாய் திறக்காமல் நிற்பார்கள். நானும் நின்றேன். இவ்வளவு மரியாதையாக வாங்குகிற சரக்கு ஆளைக் கெடுக்காது என்றே நம்பினேன். அடிதடியை வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

வீடு என்றால் சாலை பஜாருக்குப் பின்னால் ஒற்றை அறை. எனக்கு டைல்ஸ் பதிக்கிற வேலை. என் மனைவி மாரிச்செல்வி பக்கத்து ஓட்டலில் காய் நறுக்கினாள். வந்து மூன்றாவது மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், நான் ஒளித்து வைத்திருந்த பாட்டிலை எடுத்து அவள் சாக்கடையில் கவிழ்த்தாள். மூலையில், தரை சமமா என்று பார்க்கிற என் ரசமட்டக் கட்டை சாய்ந்திருந்தது. அலுமினியம், இரண்டடி நீளம். அதை எடுத்து ஓங்கினேன். அவள் கையைக் குறுக்கே கொடுத்தாள். எலும்பு முறிந்தால் விறகு முறிவதுபோலக் கேட்கும் என்பார்கள். அப்படி இல்லை, அது ஈரமான சத்தம். அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. நல்ல கையால் பானையை என் காலில் சாய்த்துவிட்டாள்.

இருவரும் ஒரே ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். என் பாதத்துத் தோல் செருப்போடு ஒட்டியிருந்தது. ஓட்டுநர் கண்ணாடியில் எங்களைப் பார்த்து, "ஆக்சிடென்டாணோ?" என்றார். நான் ஆமாம் என்றேன்.

"இல்ல," என்றாள் மாரிச்செல்வி, வெளியே பார்த்தபடி. "இவரு என்னைய அடிச்சாரு. நான் சோத்தக் கவுத்துனேன்."

ஓட்டுநர் வண்டியை வேகமாக விட்டார். இறங்கும்போது ஒரு துண்டுச் சீட்டில் ஒரு இடத்தையும் புதன்கிழமை ஆறு மணி என்பதையும் எழுதி என் சட்டைப் பையில் திணித்தார். அவர் பெயர் சசி. அன்று சாயங்காலமே மாரிச்செல்வியின் அண்ணன் சுடலை வந்து, மாவுக்கட்டோடு அவளை ஊருக்குக் கூட்டிப்போனான்.

புதன்கிழமை நொண்டிக்கொண்டே போனேன். கிழக்கேகோட்டை பக்கம் ஒரு வாசகசாலையின் மாடி. குடியை நிறுத்தப் பார்க்கிறவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்து, முறை வைத்து மலையாளத்தில் பேசினார்கள். நான் குடிக்காமல் மூன்று நாள் ஆகியிருந்தது. சட்டை வேர்வையில் ஒட்டியது. பேச்சு பாதிதான் புரிந்தது. எல்லோரும் என்னைப் பற்றியே சொல்வதாகத் தோன்றியது. எழுந்து வாசலுக்குப் போனேன். சசி குறுக்கே வந்து என் தோளில் கை வைத்தார்.

"அண்ணாச்சி, இரிக்கு."

நம் ஊரில் ஒருத்தன் மறித்து நின்று 'உனக்கு இருக்கு' என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும். மாரிச்செல்வி கையை முறித்ததற்கு இங்கே வரவழைத்து அடிக்கப் பார்க்கிறார்கள் என்று நினைத்தேன். நான் விட்ட முதல் குத்து அவர் மூக்கில் விழுந்தது, இரண்டாவது வாயில். நாற்காலிகள் சரிந்தன. நாலு பேர் என்னைச் சுவரோடு வைத்து அழுத்தினார்கள். சசி தரையில் உட்கார்ந்து மூக்கைப் பொத்திக்கொண்டார். விரலிடுக்கில் ரத்தம் வழிந்தது.

"உட்காருன்னாணு சொன்னது," என்றார். "உட்காருன்னு."

போலீஸைக் கூப்பிடலாம் என்றார் ஒருவர். சசி கையை ஆட்டி மறுத்தார். என் பக்கத்திலேயே நாற்காலியை இழுத்துப் போட்டு, தன் முறைக்குப் பேசினார், எனக்காகத் தமிழ் கலந்து. குடிவெறியில் அம்மாவை மாடிப்படியில் தள்ளிவிட்டவர் அவர். இடுப்பு ஒடிந்து இரண்டு வருடம் படுக்கையில் கிடந்து அந்த அம்மா செத்துப்போனார். "சாகற வரைக்கும் சோறு ஊட்டினது ஞான்தான். அம்மா என்னோடு மிண்டியில்ல," என்றார். மிண்டவில்லை என்றால் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசப் பேச அவர் சட்டையில் சொட்டிக்கொண்டிருந்தது. அது நான் குத்தி வந்த ரத்தம். நான் எழுந்திருக்கவில்லை.

மலையாளத்தில் நான் முழுதாகச் சொல்லப் பழகிய முதல் வாக்கியம், 'ஞான் என்டெ பாரியயெ தல்லி.' என் மனைவியை அடித்தேன் என்பதுதான் அது. வாராவாரம் சொன்னேன். அந்நிய பாஷையில் சொல்லும்போது அடித்தவன் வேறு யாரோ போல இருந்தது. எட்டு மாதம் கழித்து, கூட்டத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன் என்று மாரிச்செல்வியிடம் போனில் பெருமையாகச் சொன்னேன்.

"அந்தப் பாஷையில யாருக்குச் சொன்னீங்க?" என்றாள். "கை எனக்குல்லா முறிஞ்சுது."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய், அவள் முன்னாலும் சுடலை முன்னாலும் நின்றேன். சொந்த பாஷையில் நாக்கு புரளவில்லை. "நான் ஒன்னைய அடிச்சேன். கைய முறிச்சேன்." பிறகு, அவளுக்கே தெரியாததைச் சொன்னேன். "கைக்கு ஓங்கல. தலைக்குத்தான் ஓங்குனேன்."

சுடலை விட்ட அறையில் உதடு கிழிந்தது. நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். அவன் மறுபடி ஓங்கினான்.

"போதும்ண்ணே," என்றாள் அவள். என் பக்கம் திரும்பினாள். "ஞாயித்துக்கெழம வந்து சாப்புட்டுட்டுப் போங்க. ராத்தங்க வேண்டாம்."

இரண்டு வருடமாக அப்படித்தான் நடக்கிறது. அங்கே அவள் எதிரில் உட்கார்ந்து சாப்பிடும்போது, தண்ணீர்ச் செம்பை எடுக்க நான் கையைத் தூக்கினாலும் அவள் முகம் சட்டென்று ஒதுங்குகிறது. புதன்கிழமை இங்கே மாடியில் அதே கையைத் தூக்கினால், பேசப் போகிறேன் என்று அத்தனை முகமும் என் பக்கம் திரும்புகிறது.