செவலையை ஏமாற்றிய மரபணு

போன மாதம் ஒரு காலையில் சகுந்தலா அம்மா வெறுங்கையோடு வாசலில் வந்து நின்றார். வேங்கிக்காலில் எங்கள் தெருவுக்கே பால் ஊற்றுகிறவர். தனி ஆள். ஒரே ஒரு மாடு... பெயர் செவலை.

"மாட்டுக்கு அம்மை சார். உடம்பெல்லாம் கட்டி கட்டியா கீது."

நான் என்ன செய்தேன் தெரியுமா? ஆறுதலாக இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு பாக்கெட் பாலுக்கு மாறினேன். தெருவே மாறியது. மனிதருக்கு இது தொற்றாது என்று டாக்டர் சொன்னதாக அவர் வீடு வீடாகச் சொல்லிப் பார்த்தார். யார் கேட்டோம்? அவர் வந்தால் கேட்டுக்கு வெளியிலேயே நிறுத்திப் பேசி அனுப்பினோம்.

ஐந்தாம் நாள் மதியம்தான் உறைத்தது — விடிந்ததிலிருந்து நான் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. மனைவி போய்ச் சேர்ந்தபிறகு, தினமும் என்னிடம் "தூங்கினீங்களா சார்" என்று கேட்ட ஒரே ஆள் சகுந்தலா அம்மாதான்.

கூச்சத்தோடு கொட்டகைக்குப் போனேன். செவலையை அக்கம்பக்கத்து மாடுகள் பக்கம் விடாமல், கொசுவலைக்குள் தனியாகக் கட்டியிருந்தார். அரசு கால்நடை டாக்டர் ஊசி போட்டுக்கொண்டிருந்தார். சின்னப் பெண். இவ்வளவு தீனி தின்கிற உடம்பு ஏன் நோயோடு சண்டை போடவில்லை என்று சகுந்தலா அம்மா அவரிடம் கேட்டார்.

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். கிருமி நுழைந்தால் உடம்பின் எதிர்ப்புப் படை திரளும். சண்டை முடிந்ததும் 'போதும், அடங்கு' என்று உடம்பே ஒரு சிக்னல் கொடுக்கும். இந்த வைரஸிடமும் அதே மாதிரி சிக்னல் தயாரிக்கும் மரபணு இருக்கிறதாம். சொந்தச் சரக்கல்ல. எந்தக் காலத்திலோ, தாங்கள் குடியிருந்த ஏதோ ஒரு விலங்கிடமிருந்து இதன் முன்னோர்கள் சுருட்டியது. சண்டை நடக்கும்போதே அதை வைத்துப் படையை மந்தமாக்கிவிடும்.

சகுந்தலா அம்மா மாட்டின் கழுத்தைத் தடவினார்.

"வீட்டு ஆளு சொல்றாங்கன்னு நம்பி அடங்கிடுச்சா இது?"

"கிட்டத்தட்ட அப்படித்தாம்மா. ஆனா முழுசா ஏமாறல. தீனி எடுக்குது பாருங்க, தேறிடும்."

டாக்டர் கிளம்பினார். நான் ஒரு வைக்கோல் கட்டின் மேல் உட்கார்ந்தேன். மாட்டுக்குத் தீனியை உதறிப் போட்டபடி, என்னைப் பார்க்காமலே சகுந்தலா அம்மா சொன்னார்: "இத்தினி நாள்ல இங்க வந்து உக்காந்த மொத ஆளு நீங்கதான் சார்."

மாட்டைத்தான் ஒதுக்கி வைக்கச் சொன்னார்கள். மனுஷியை ஒதுக்கியது எங்கள் சொந்த யோசனை.

செவலை தேறிவிட்டது. தோலில் தழும்புகள், பால் பாதிகூட இல்லை. கன்றுக்கே சரியாகப் போகிறது. ஆனாலும் காலையில் கொட்டகைக்கு நடந்து போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வருகிறேன். தனக்குத் துணையாக இருக்கத்தான் வருகிறேன் என்று சகுந்தலா அம்மா நினைத்துக்கொண்டிருக்கிறார்.

எனக்கும் போக வேறு இடமில்லை என்பதை அவரிடம் இன்னும் சொல்லவில்லை.