மருந்தில் கிடக்கும் பேபி அக்கா

பேத்தி எடுத்த பிறகும் கோவில்பட்டியில் எல்லாருக்கும் அவள் பேபிதான். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து எங்கள் தீப்பெட்டிக் கம்பெனியில், தீ மருந்தில் முக்கியெடுத்த குச்சிகளைக் காயவைக்கும் கொட்டகையில் நிற்கிறாள். இருமலும் அவளோடு கூடவே நிற்கும். அவள் வருவதே எங்களுக்கு இருமலில்தான் தெரியும். கணக்கப்பிள்ளை அதற்குத் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை.

கொரோனா வந்ததும் அதே இருமலுக்கு அந்த மனுசன் நாலடி தள்ளிக் குதித்தார். "ஊசி போட்டுட்டு வா. அதுவரைக்கும் கேட்டுக்குள்ள கால் வைக்காத" என்று சொல்லிவிட்டார். ஆபீஸ்காரர்களுக்கு ஃபேனுக்கடியிலேயே ஊசி வந்தது. எங்களுக்குப் பள்ளிக்கூட வாசலில், வெயிலில் வரிசை. நினைத்தால் இன்னும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

இருமினால் விரட்டிவிடுவார்கள் என்று அக்கா மாஸ்க்குக்குள் வாயில் ஒரு மிட்டாயை அடக்கிக்கொண்டு நின்றாள். அவள் முறை வந்ததும் நர்ஸம்மா கேட்டார்: "மருந்து எதும் எடுக்குதீங்களாம்மா?"

"கல்யாணம் ஆனதுல இருந்து மருந்துலதாம்மா கெடக்கேன்."

"அப்போ டாக்டர்கிட்ட சீட்டு வாங்கிட்டு வாங்க. அடுத்த ஆளு!"

பாவி மனுசி, வரிசையில் பின்னால் நின்ற என்னிடம் திரும்பி வந்துவிட்டாள். "ஏட்டி முத்துச்செல்வி, மருந்துல நிக்கவங்களுக்கு ஊசி கெடையாதாம்ட்டி. இனி வேலை அவ்வளவுதான்" என்றவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. விஷயம் உறைத்ததும் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு முன்னால் போனேன்.

"யம்மா, இவிய சொல்லுதது தீப்பெட்டி மருந்து. வாயில போடுத மருந்து இல்ல!"

நர்ஸம்மா தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். ஊசியும் போட்டார். அதுவரை அடக்கிய இருமல் அப்போது பிய்த்துக்கொண்டு வந்தது. அவர் சிரிப்பு நின்றது. "இது எத்தனை நாளா இருக்கு? ஆஸ்பத்திரிக்கு வந்து நெஞ்சைப் படம் எடுத்துப் பாருங்கம்மா" என்றார்.

வரும் வழியெல்லாம் அக்கா கையைத் தடவிக்கொண்டே வந்தாள். "இந்த இருமல என்னன்னு இப்பத்தாம்ட்டி ஒரு ஆளு கேக்குது. கொரோனா வந்துல்லா கேக்க வச்சிருக்கு."

மறுநாள் கேட்டில் கணக்கப்பிள்ளை செல்போனில் ஊசி போட்ட மெசேஜைப் பார்த்து வழிவிட்டார். தாண்டும்போது அக்கா நன்றாகவே இருமினாள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

"அண்ணாச்சி, ஆஸ்பத்திரிக்குப் போணும், திங்கக்கிழம நாங்க ரெண்டு பேரும் லீவு" என்றேன் நான், ஊருக்கே கேட்கிற மாதிரி.