பொலி சொன்ன குரல்

போன உயிர்த்த ஞாயிறன்று நான் ஒரு பிரமாதமான பிரசங்கம் செய்தேன். அது ஒரே ஒருவருக்காக — அவரும் சுவரைப் பார்த்தபடி இருந்தார்!

லெட்சுமி. வட்டவளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறிப்பவர். கணவர் இறந்ததிலிருந்து தொழிலாளர் லயத்தில் தன் ஒற்றை அறைக் காம்பராவை விட்டு வெளியே வரவில்லை. திங்கட்கிழமையும் வேலைக்கு வராவிட்டால் பேர் வெட்டிவிடுவோம் என்று தோட்டத்தில் சொல்லிவிட்டார்கள். இரண்டு பெண் பிள்ளைகள் வேறு. சும்மா இருக்க முடியுமா? ஆராதனை முடிந்த கையோடு, எங்கள் சபையைச் சேர்ந்த பக்கத்துக் காம்பரா ஸ்டெல்லாவுடன் போய் உட்கார்ந்தேன். வெறுமையான கல்லறை, மரணத்தை வென்றவர்... முக்கால் மணி நேரம் வெளுத்து வாங்கினேன்.

ஸ்டெல்லா பிள்ளைகளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தார். நான் மூச்சு வாங்கிய இடைவெளியில் கேட்டார்.

“எதுக்கு பயப்படுற லெச்சுமி?”

“பொலி சொல்ற நேரத்துல நா நின்னா வெளங்குமாக்கா? தாலியறுத்தவ.”

அட, இதுதானா! மலையில் முதல் பிடி கொழுந்தைக் கூடையில் போடும்போது எல்லோரும் ‘பொலி பொலி’ என்பார்கள் — பெருகட்டும் என்று. தான் நின்றால் அது கெட்டுப்போகுமாம். சாவு அந்த மனுஷனை மட்டுமா கொண்டுபோனது? இவரையும் சேர்த்தல்லவா புதைத்துவிட்டது! எனக்குக் கோபம் கோபமாக வந்தது. இத்தனை வருடம் இங்கே டீச்சராக இருந்தும் இதைக் கேட்கத் தோன்றாத என்மேலும்தான்.

திங்கள் காலை ஸ்டெல்லா அவரைக் கையோடு, பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டுக்கு அழைத்துப் போனார். பள்ளிக்கூட விடுமுறை, நானும் பின்னாலேயே போனேன். கங்காணி பேர் கூப்பிட்டார், லெட்சுமி பதில் சொன்னார். ஆனால் மலையேறும் இடம் வந்ததும் கால் வரவில்லை. கீழே ரோட்டிலேயே ஒதுங்கி நின்றார். அப்படியே வீட்டுக்குத் திரும்பிவிடுவாரோ என்று பயந்தேன்.

ஸ்டெல்லா தன் நிரையில் முதல் பிடியைப் பறித்தார். இறங்கி வந்து லெட்சுமியின் கையில் வைத்தார். முதுகுக் கூடையைத் திருப்பிக் காட்டினார்.

“எங்க ஆண்டவரு சாவ ஜெயிச்சிட்டாருன்னு நேத்து பாடுனேன். இன்னிக்கு ஒன்னைய ஒதுக்குனா அது பொய்யி. எங் கூடைக்கு நீயே பொலி சொல்லு.”

ஒருத்தி முணுமுணுத்தாள். கங்காணி வேறு பக்கம் பார்த்தார். லெட்சுமி கொழுந்தைப் போட்டார். முதலில் குரலே எழவில்லை. இரண்டாம் தடவை எழுந்தது... “பொலி.” ஸ்டெல்லா பதிலுக்குப் போட்ட சத்தத்தில் மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள், முணுமுணுத்தவளும்தான். மலையே அதிர்ந்தது. நான் வெட்கமில்லாமல் அழுதேன்.

லெட்சுமி இப்போது தினமும் வேலைக்குப் போகிறார். வெள்ளிக்கிழமைகளில் மாரியம்மன் கோயிலுக்கும் போகிறார். போகட்டுமே! உயிரோடு எழுந்து நடக்கிறார், அதுதானே நற்செய்தி?

அடுத்த வருட ஈஸ்டர் பிரசங்கத்துக்குச் சபையில் என்னைக் கேட்டார்கள். ஸ்டெல்லாவின் பேரைக் கொடுத்துவிட்டேன்.