ஒழுகாத குழாய்

வருஷத்தில் பாதி நாள் மழையில் ஊறிக் கிடக்கிற ஊரில் தண்ணீருக்கு அலைந்தோம் என்று சொன்னால், கொழும்பில் இருக்கிற என் சொந்தக்காரர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அவர்கள் யாரும் தை மாசத்தில் இங்கே வந்து நின்றதில்லை. பகலில் வெயில் சுள்ளென்று அடிக்கும். ராத்திரி வானத்தில் ஒரு துண்டு மேகம் இருக்காது. மலை ஊற்றிலிருந்து குழல் வைத்து இறக்கிய பீலியில் தண்ணீர் நூலாக விழும். ஒரு குடம் நிறைவதற்குள், வரிசையில் நிற்கிற பெண்கள் ஊர்க்கதை முழுவதையும் பேசி முடித்து, சண்டையும் போட்டு, சமாதானமும் ஆகிவிடுவார்கள்.

நான் அக்கரப்பத்தனையில் பிறந்து, டவுனுக்கு மேலே இருக்கிற இந்தத் தேயிலைத் தோட்டத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். கொழுந்தெடுக்கப் போகிற பெண்களின் குழந்தைகளைப் பகலெல்லாம் பார்த்துக்கொள்கிற பிள்ளைக் காம்பராவில் வேலை. இருபது குழந்தைகளை அதட்டி அதட்டி எனக்குக் குரல் கொஞ்சம் உயர்ந்துபோய்விட்டது. கோபமும் அதற்குத் தகுந்த மாதிரித்தான். என் வீட்டுக்காரர் இதற்கு நேர் எதிர். யார் என்ன சொன்னாலும் சரி என்பார். கொழும்பில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் வருஷக்கணக்காக வேலை செய்ததில் சிங்களம் நன்றாக வரும். ஆனால் பெரிய மனிதர்கள் முன்னால் நின்றால் அந்தச் சிங்களம் முழுவதும் சுருங்கி, ‘ஹரி மாத்தையா’ என்ற ஒரே வாக்கியமாகிவிடும். சரிங்க ஐயா. அவ்வளவுதான்.

அந்த மனிதர் கடையை விட்டு ஊரோடு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அதுவரை தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வந்து போகிற விருந்தாளியாகத்தான் இருந்தார். வந்த புதிதில், வீட்டில் தேங்காய் துருவி எங்கே இருக்கிறது என்றுகூட அவருக்குத் தெரியவில்லை. எனக்கு அவர் இங்கேயே இருக்க வேண்டும். வெட்கமில்லாமல் சொல்கிறேன், பக்கத்தில் ஒரு ஆள் மூச்சுவிடுகிற சத்தம் இல்லாமல் தூங்கித் தூங்கி எனக்கு அலுத்துவிட்டது. அவர் ஒரு கணக்குச் சொன்னார்.

“இந்தப் போகம் கெழங்கு கைகொடுத்தா இங்கேயே இருந்துர்றேன் புள்ள. இல்லாட்டி என்ன செய்யிறது? மொதலாளி கூப்பிட்டுக்கிட்டேதான் இருக்காரு.”

ஆக, என் குடும்பம் ஒரு துண்டு நிலத்து உருளைக்கிழங்கில் வந்து நின்றது.

எங்கள் வரிசை வீடுகளான லயத்துக்குக் கீழே, சரிவில், நாங்களும் இன்னும் சில குடும்பங்களும் மரக்கறி போடுகிற நிலம் அது. அதன் மேல்விளிம்பில் ஒரு குழாய் போகிறது. டவுனில் ஹோட்டல்களும் வீடுகளும் குளித்து, கழுவி, கொட்டுகிற தண்ணீரை ஆற்றோரத்துத் தொட்டிகளில் சுத்தம் செய்து, மோட்டார் வைத்து எதிர் மேட்டில் இருக்கிற பூங்காவுக்கு ஏற்றுவார்கள். குடிக்கக் கூடாது, பூவுக்கும் புல்லுக்கும் மட்டும் என்று மூன்று மொழியிலும் போர்டு உண்டு. எங்கள் லயத்தில் அந்தத் தண்ணீருக்குப் பல பெயர்கள். ‘கக்கூஸ் தண்ணி’ என்பது அதில் கொஞ்சம் மரியாதையான பெயர்.

பெயர் எப்படியிருந்தால் என்ன? குழாய் பழசு. எங்கள் நிலத்துக்கு நேர் மேலே ஒரு ஜாயின்ட் ராப்பகலாக ஒழுகும். ஒழுகியது கானில் இறங்கி நிறைந்து நிற்கும். மழைத்தண்ணீர் ஓட மலையில் வெட்டுகிற வாய்க்காலைத்தான் நாங்கள் கான் என்போம். யாரும் திருடவில்லை. யாரும் குழாயைத் தொடவில்லை. ஒழுகியது, அள்ளினோம். லீக்ஸ், கரட், கிழங்கு எல்லாம் அதில்தான் விளைந்தது. மூக்கைப் பொத்திக்கொண்டு எங்களைக் கேலி செய்தவர்கள், கிழங்குக் கறியை மூக்கைப் பொத்திக்கொண்டு சாப்பிட்டதை நான் பார்த்ததில்லை.

அந்தக் கான் தண்ணீரின் அருமை, வெள்ளைப்பனி விழுகிற காலத்தில்தான் தெரியும். காற்றில்லாத, மேகமில்லாத ராத்திரிக்கு அடுத்த விடியலில் இலையெல்லாம் உப்புத் தூவினாற்போல வெளுத்துக் கிடக்கும். சுற்றுலா வருகிறவர்கள் அதைப் பார்த்துக் கையைத் தட்டிப் படம் எடுப்பார்கள். நாங்கள் வாளியைத் தேடி ஓடுவோம். வெயில் அந்த இலையைத் தொடுவதற்கு முன்னால் தண்ணீர் ஊற்றிப் பனியைக் கழுவிவிட வேண்டும். வெயில் முந்திக்கொண்டால் போச்சு. பகல் சாப்பாட்டு நேரத்துக்குள் இலை வெந்து கறுத்துத் தொங்கும். அதனால்தான் இங்கே ஆம்பளைகள் சாயங்காலத்தில் வாசலில் நின்று அண்ணாந்து பார்ப்பார்கள். ஏதோ ரசிக்கிறார்கள் என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொள்வார்கள்.

இப்படி இருக்கும்போதுதான் டவுனில் பெரிய பேனர் கட்டினார்கள். மோட்டார் காம்பராவைப் புதுப்பிக்கிறார்களாம். புது மோட்டார், கம்ப்யூட்டர் பலகை, ஊதா நிறத்தில் புதுக் குழாய். வேலைக்கு அவர்கள் தேர்ந்தெடுத்தது, மழையில்லாத இந்தக் காலத்தை. பள்ளம் தோண்டச் சௌகரியமாம். எங்கள் ஒற்றையடிப் பாதையைக் கிளறிப் போட்டுவிட்டுப் போனார்கள். பிள்ளைக் காம்பராவுக்குக் குழந்தைகளை இடுப்பில் சுமந்து வந்த பெண்கள் அந்தப் புழுதியில் சறுக்கிச் சறுக்கி, பேனரில் சிரித்துக்கொண்டிருந்த முகங்களை வாயார வாழ்த்தினார்கள்.

குழாய் பூட்ட வந்த பையன்கள் வெளியூர். பாவம் என்று தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். அதில் ஒருவன் எங்கள் ஜாயின்டை முறுக்கிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டே, “இனிமே ஒரு சொட்டு ஒழுகாது அக்கா” என்றான். பெருமையாகச் சொன்னான். இஞ்சி தட்டிப் போட்டு, சீனியும் கூடப் போட்டு அவனுக்குக் கொடுத்தவள் நான்தான். இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ஒரு வாரத்தில் கான் காய்ந்தது. சேறு வெடித்தது. பீலியில் சமையலுக்கே தண்ணீர் போதவில்லை. கிழங்குச் செடி பூ விடப்போகிற நேரம். என் வீட்டுக்காரர் சாயங்காலம் வாசலில் நின்று வானத்தைப் பார்த்தார், கானைப் பார்த்தார். நான்தான் அவரை இழுத்துக்கொண்டு டவுன் ஆபீசுக்குப் போனேன்.

கீழே கேட்டால் மேலே போங்கள் என்றார்கள். மேலே கேட்டால் தண்ணீர்ப் பகுதிக்குப் போங்கள் என்றார்கள். தண்ணீர்ப் பகுதியில், பொறுப்பான ஆள் மோட்டார் காம்பராவில் இருக்கிறார் என்றார்கள். மோட்டார் காம்பராவில், இப்போதுதான் ஆபீசுக்குப் போனார் என்றார்கள். கண்ணாமூச்சி விளையாட்டைப் பிள்ளைக் காம்பராவில் தினமும் ஆடுகிறவள் நான், அதனால் விடவில்லை. கடைசியில் ஆளைப் பிடித்துவிட்டேன்.

சின்ன வயசு அதிகாரி. எழுந்து நின்று நாற்காலி காட்டினார். அதுவே எனக்குப் பாதிக் கோபத்தை இறக்கிவிட்டது. மரியாதையான ஆளிடம் சண்டை பிடிப்பது எவ்வளவு கஷ்டம்! பேச்செல்லாம் சிங்களத்தில்தான்; எனக்கும் அது ஓரளவு வரும்.

“உங்களுக்கு கனெக்‌ஷன் இருந்ததா?” என்று கேட்டார்.

“இல்லைங்க” என்றேன் நான்.

“அப்படியென்றால் நாங்கள் எதை நிறுத்தினோம்?”

நியாயமான கேள்வி. இல்லாத ஒன்றை எப்படி நிறுத்த முடியும்? ஒழுகுகிற தண்ணீருக்குச் சட்டத்தில் இடமில்லை, உணவுப் பயிருக்கு இந்தத் தண்ணீரைக் கொடுக்கவும் அனுமதி இல்லை என்று பொறுமையாக விளக்கினார். நான் பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் கையைக் கட்டிக்கொண்டு, “ஹரி மாத்தையா” என்றார். அந்த இடத்திலேயே அவரைக் கிள்ளியிருப்பேன்.

விட மனமில்லாமல், நான் பனியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். எந்த மாதிரி ராத்திரியில் வெள்ளை விழும், விடியலில் எப்படி ஊற்ற வேண்டும், வெயில் முந்தினால் என்ன ஆகும் என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன். அதிகாரி நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டுக் கேட்டார். வெயிலுக்கு எவ்வளவு நேரம் முன்னால், வேரிலா இலையிலா, மென்மையான நாற்றுக்கும் இது சரிவருமா என்று கேள்வி மேல் கேள்வி. ரொம்பப் பிரயோசனமான விஷயம் என்று வாசல் வரை வந்து வழியனுப்பினார்.

வழி நெடுக எனக்கு ஒரே பெருமை. “பாத்தீங்களா? வாயுள்ள புள்ளதான் பொழைக்கும். மனுசன் எப்புடிக் கேட்டாரு!”

அவர் என் பக்கம் திரும்பி, “தண்ணி தாறேன்னு சொன்னாரா புள்ள?” என்று கேட்டார்.

யோசித்துப் பார்த்தேன். சொல்லவில்லை.

அந்த வாரமே வெள்ளை விழுந்தது. இருட்டோடு எழுந்து போனில் லைட் அடித்துக்கொண்டு இறங்கினோம். பீலியில் நான் முந்தின நாளே பிடித்து வைத்திருந்த வாளிகளை இரண்டு பேரும் மாறி மாறிச் சுமந்தோம். பூவாளியில் ஊற்றினால் போதாது என்று டின்னில் மொண்டு வீசினார். விரல் மரத்துவிட்டது. சவுக்கு நிழல் விழுகிற கீழ்ப் பாத்திகளைக் கழுவி முடித்தபோது வாளி எல்லாம் காலி. மேல் பாத்திகள் வெள்ளை வெளேரென்று கிடந்தன. வெயில் மலை முகட்டைத் தாண்டி மெதுவாக இறங்கி வந்தது. நாங்கள் சும்மா நின்று பார்த்தோம். வேறென்ன செய்ய?

அப்போதுதான் எதிர் மேட்டில் ஏதோ மின்னியது. பூங்காவில் தண்ணீர் பீச்சிக்கொண்டிருந்தார்கள். வரிசை வரிசையாக, வெயிலுக்கு முன்னால், இலையில் படுகிற மாதிரி, நான் சொல்லிக்கொடுத்தது ஒன்றும் பிசகாமல். ஏப்ரலில் சுற்றுலாக்காரர்கள் குவிகிற சீசனுக்கு நட்டிருந்த பூ நாற்றுகளின் பனியைக் கழுவுகிறார்கள். அத்தனை தண்ணீரும் எங்கள் தலைக்கு மேலே போகிற ஊதாக் குழாயில், ஒரு சொட்டு ஒழுகாமல் போய்க்கொண்டிருந்தது. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதைத்தான் நான் வாசல் வரை வழியனுப்பு வாங்கிக்கொண்டு செய்திருக்கிறேன். எனக்கு வந்த கோபத்தில் வாளியைத் தூக்கி எறிந்தேன். பிறகு நானே போய் எடுத்து வந்தேன். நல்ல வாளி அது.

அன்று மத்தியானம் மேல் பாத்திகள் கறுத்துவிட்டன. சாயங்காலம் கட்டிலுக்கு அடியிலிருந்து கொழும்புப் பையை எடுத்து அவர் தூசி தட்டினார். நான் அடுப்பைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டேன். புகை கண்ணில் பட்டது என்று சொல்லிக்கொள்ளலாம், ஆனால் நான் அழுதேன்.

பையில் துணி போகவில்லை. அதற்குள் ஆபீசிலிருந்து ஆள் வந்துவிட்டது. கம்ப்யூட்டர் பலகையில் நேரம் வைத்தால், பனி விழுந்தாலும் விழாவிட்டாலும் தினமும் தண்ணீர் அடித்துப் பூப்பாத்தி சேறாகிவிடுகிறதாம். சாயங்காலம் வானத்தைப் பார்த்து, விடியலில் வால்வைத் திறக்க, குழாய் வழியையும் கவனித்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டுமாம். சீசன் முடியும் வரைக்கும் மட்டும். அன்றைக்கு வந்த அந்த அமைதியான மனிதர் சரிவருவார் என்று அதிகாரி சொன்னாராம். பேசினது நான். வேலை அமைதியான மனிதருக்கு.

“ஹரி” என்றார் இவர், வழக்கம்போல.

அன்றிலிருந்து என் புருஷன் விடியலில் போர்வையைச் சுற்றிக்கொண்டு பூங்காவுக்குப் போய் ஊரார் பூவைக் குளிப்பாட்டினார். நான் வாளியோடு மிச்சமிருந்த கீழ்ப் பாத்திகளுக்கு அல்லாடினேன். சீசன் முடிந்தால் வேலை முடியும், அப்புறம் கிழங்கு இருந்தால்தான் ஆள் இங்கே இருப்பார். இது அவருக்கும் தெரியும். ஆனாலும் ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டு முறை சண்டை போட்டேன். சண்டைக்கும் இரண்டு பேர் வேண்டுமே!

ஒரு நாள் விடியலில் இறங்கிப் போனபோது கானில் ஈரம் தெரிந்தது. மறுநாள் சின்னக் குட்டையாகத் தேங்கி நின்றது. அண்ணாந்து பார்த்தேன். ஒரு சொட்டு ஒழுகாது என்று அந்தப் பையன் சத்தியம் செய்த ஜாயின்ட், சாவகாசமாகச் சொட்டிக்கொண்டிருந்தது. நான் அவரிடம் கேட்கவில்லை. அவர் என்னிடம் சொல்லவில்லை. ஹார்ட்வெயார் கடையில் அத்தனை வருஷம் ஸ்பேனர் விற்ற மனிதரிடம் இதை என்னவென்று கேட்பது?

அதற்கடுத்து விழுந்த பனிகளில் கீழ்ப் பாத்திகள் கறுக்கவில்லை.

பிறகு ஒரு காலை அதிகாரியே பாதை ஏறி வந்துவிட்டார். பலகையில் தண்ணீர் குறைவாகக் காட்டுகிறதாம். நான் கிழங்குக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தேன். கையில் மண்வெட்டி அப்படியே நின்றுவிட்டது. அதிகாரியும் என் வீட்டுக்காரரும் மேலே குழாய் ஓரமாக நின்றார்கள். அதிகாரி கானைப் பார்த்தார், பச்சையாக நின்ற பாத்தியைப் பார்த்தார், என்னையும் பார்த்தார். பிறகு இவரிடம் கேட்டார், “இந்தப் பக்கம் எங்கேயாவது ஒழுகுகிறதா?”

இவர் கையைக் கட்டிக்கொண்டார். அந்த ஹரி இதோ வரப்போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

“நே மாத்தையா” என்றார். இல்லைங்க ஐயா. கொஞ்சம் சத்தமாகவே சொன்னார்.

ஒரு பெரிய மனிதர் முகத்தைப் பார்த்து அவர் இல்லை என்று சொல்லி நான் கேட்டது அன்றுதான். அதிகாரி இன்னொரு தடவை கானைப் பார்த்தார். பிறகு, நன்றாகக் கவனித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். எதைக் கவனிக்கச் சொன்னார் என்று தெரியவில்லை.

கீழ்ப் பாத்திக் கிழங்கைத் தோண்டி முடித்துவிட்டோம். அடுத்த போகத்துக்கான விதைக்கிழங்கைக் கொழும்புப் பையில் போட்டுக் கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறேன். ஆனாலும் எனக்கு ஒரு குறை இருக்கிறது. அதை அதிகாரி வந்து போன அன்று சாயங்காலமே அவரிடம் சொன்னேன்.

“ஒழுகுறதுதான் ஒழுகுது, கொஞ்சம் தாராளமா ஒழுகக்கூடாதாங்க? ஒரு வாளி நெறையிறதுக்குள்ள எனக்கு இடுப்பு போகுது.”

அவர் வாசலில் நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சரி புள்ள” என்றார்.