நாற்காலியில் ஒரு விசில்

நான் பேருந்தில் துண்டு போட்டு இடம் பிடிக்காதவன். விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் வரை நின்றுகொண்டே போவேனே தவிர, ஜன்னல் வழியாகக் கைக்குட்டையை எறிந்துவிட்டு "ஆளு வருது" என்று சொல்ல மாட்டேன். எங்கள் பக்கத்தில் வண்டி நிலையத்துக்குள் நுழையும்போதே கூட ஓடி, பை, சாப்பாட்டுக் கூடை, ஒருமுறை தூங்கிக்கொண்டிருந்த கைக்குழந்தை என்று எதையாவது உள்ளே தள்ளி இடம் பிடிப்பார்கள். முதலில் ஏறியவனுக்கு உட்கார உரிமை இல்லை. கீழே டீ குடிப்பவனின் கைக்குட்டைக்கு உண்டு. இதை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "வீம்புக்கு நின்னுக்கினு வந்துட்டு ராத்திரி முட்டிக்குத் தைலம் கேக்காதீங்க" என்பாள் என் மனைவி.

நான் பள்ளியில் பி.டி. வாத்தியார். போன கோடை விடுமுறையில் திண்டிவனத்தில் ஒரு மேடம் கல்யாண மண்டபத்தைப் பிடித்து சம்மர் கேம்ப் நடத்தினார். முகூர்த்தம் இல்லாத நாட்களில் மட்டும் கேம்ப். மேடையில் மணமக்களின் பெயரை உரித்துவிட்ட தெர்மாகோல் இதயம் அப்படியே இருக்கும். ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகளுக்கு விளையாட்டு சொல்லித்தர தினமும் ஒரு மணி நேரம் எனக்கு. பெரிய பையன்களை வரிசையில் நிற்கவைத்தே பாதி ஆயுள் போனவன் நான். கல்லா மண்ணா விளையாடும்போது "கல்லு" என்று கத்திவிட்டு என் காலணி மேல் ஏறி நிற்கிற இந்த வாண்டுகள் எனக்கு உயிராகிவிட்டார்கள்.

அந்த ஒரு மணி நேரத்தின் மேல் டான்ஸ் மாஸ்டருக்கும் ஒரு கண். மேடம் என்னைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்.

"சனிக்கிழமை பேரண்ட்ஸ் வர்றாங்க சார். ஒரே ஒரு கேம் ஒழுங்கா நடத்தி, ஒரு வின்னரைக் காட்டுங்க. இல்லன்னா அந்த டைமை மாஸ்டருக்குக் குடுத்துடுவேன்."

மியூசிக்கல் சேர் நடத்துவோம் என்றேன். பாட்டு நின்றால் உட்கார வேண்டும், அவ்வளவுதானே.

ஒத்திகையில் பாட்டு நின்றது. கூட்டேரிப்பட்டிலிருந்து வரும் ஒரு சிறுமி மட்டும் நின்றுகொண்டிருந்தாள். "அவுட்" என்றேன். அவள் அசையவில்லை. ஒரு நாற்காலியைக் காட்டினாள். "அங்க என் வாட்டர் பாட்டில் இருக்குது பாருங்க சார். பாட்டுக்கு முன்னாடியே இடம் போட்டுட்டேன்."

அதில் உட்கார்ந்திருந்த பையன் முதுகுக்குப் பின்னால் தடவிப் பார்த்தான். பாட்டில் இருந்தது. "ஆளு இருக்குன்னு தெரியாது சார்" என்று எழுந்து, தானாகவே அவுட்டாகிப் போனான்.

அடுத்த சுற்றில் எல்லா நாற்காலியிலும் ஏதோ ஒன்று கிடந்தது. தொப்பி, டிபன் பாக்ஸ், ஒற்றைச் செருப்பு. யாரும் ஓடவில்லை. பாட்டு பாடியது, கோயில் பிராகாரம் சுற்றுவது போல நிதானமாகச் சுற்றினார்கள். பாட்டு நின்றதும் அவரவர் பொருளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். இடம் கிடைக்காத அந்த ஒரு பையனுக்கும் வருத்தமில்லை. "நான் அடுத்ததுல வர்றேன் சார்" என்றான்.

கத்தினேன். இது பஸ் இல்லை, விளையாட்டு என்று விதியை விளக்கினேன். "ஆளு இருக்கிற இடத்துல உக்காந்தா சண்டை வராதா சார்?" என்று கேட்டாள் அந்தச் சிறுமி. மறுநாளிலிருந்து எல்லாருடைய பொருட்களையும் ஒரு சாக்கில் கட்டி வைத்துவிட்டுத்தான் பாட்டையே போட்டேன்.

சனிக்கிழமை முதல் சுற்றில் பிள்ளைகள் நிஜமாகவே ஓடினார்கள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. ஒரு பையன் அவுட். அடுத்த பாட்டு தொடங்குவதற்குள், பார்வையாளர் பக்கத்திலிருந்து ஒரு கைக்குட்டை பறந்து வந்து நாற்காலியில் விழுந்தது. யாரோ ஒரு அப்பா, தன் மகளுக்காக. அதைப் பார்த்து ஒரு அம்மா கைப்பையை வீசினார். ஹெல்மெட் வந்தது. கடைசியில் ஒரு பெரியவர் மெதுவாக நடந்து வந்து மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, இருந்த பையை வைத்துவிட்டுப் போனார்.

"நான் மொதல்ல போட்டேன்யா!"

"கர்ச்சீப் காத்துல பறந்து வந்திருக்கும். ஹெல்மெட் பறக்குமா?"

சமாதானம் செய்ய மைக்குடன் வந்த மேடம், மயக்கம் வருகிறது என்று ஒரு நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தார். ஹெல்மெட் வைத்த நாற்காலி. மண்டபமே சேர்ந்து, "மேடம், ஆளு வருது!" என்று கத்தியது. பாவம், அவரும் பதறி எழுந்துவிட்டார்.

"வின்னர் யாரு சார்?" என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு.

"ஹெல்மெட்" என்றேன்.

"திங்கட்கிழமையிலேர்ந்து மாஸ்டர் பார்த்துக்குவார்."

கழுத்திலிருந்த விசிலைக் கழற்றி, ஹெல்மெட்காரர் காலி செய்த அந்த நாற்காலியில் விட்டெறிந்துவிட்டு வெளியே வந்தேன். விழுப்புரம் வரை நின்றுகொண்டே போனேன். அன்று முட்டி வலிக்கவில்லை, வேறெங்கோ வலித்தது.

திங்கட்கிழமை காலை மேடம் போன் செய்தார்.

"சார், ஜல்தி கெளம்பி வாங்க. ஒரே பேஜாரா இருக்குது."

நடந்தது இதுதான். மாஸ்டர் ஆடுவதற்கு இடம் வேண்டுமென்று நாற்காலிகளை ஒதுக்கியிருக்கிறார். விசில் கிடந்த நாற்காலியில் கை வைத்ததும் பிள்ளைகள் சூழ்ந்துகொண்டார்கள். "தொடாதீங்க மாஸ்டர். பி.டி. சார் இடம் போட்டுட்டுப் போயிருக்காரு." அவர் இனி வரமாட்டார் என்று மாஸ்டர் சொல்ல, "வராதவங்க எதுக்கு இடம் போடுவாங்க?" என்று கேட்டிருக்கிறார்கள்.

"விசிலை எடுத்து ஓரமா வையுங்கன்னு நானே சொன்னேன் சார். மாஸ்டர் வானூர்லேர்ந்து டெய்லி பஸ்ல வர்ற ஆளு. 'அடுத்தவங்க போட்ட இடத்தை நான் எப்படி மேடம் எடுக்கிறது?'ன்னு கேட்டுட்டு அவரும் கெளம்பிட்டாரு. நீங்களே வந்து நடத்துங்க."

அன்றும் நின்றுகொண்டுதான் போனேன். மண்டபத்தின் நடுவில் அந்த ஒரு நாற்காலி. சுற்றிலும் தரையில் பிள்ளைகள் உட்கார்ந்து காவல் காத்தார்கள். கூட்டேரிப்பட்டுச் சிறுமி எழுந்து வந்தாள்.

"ஒருத்தர் வந்தாரு சார். ஆளு இருக்குன்னு சொல்லிட்டோம். ஏன் இவ்ளோ லேட்டு?"

"பஸ்ல இடம் கிடைக்கல. நின்னுக்கினே வந்தேன்."

"கர்ச்சீப் போடலையா சார்?" என்று என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

கோபத்தில் எறிந்த விசில் அது என்று அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. விசிலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, எனக்காகப் பிடித்து வைத்திருந்த இடத்தில் உட்கார்ந்தேன்.