மொட்டை மாடியில் காய்ந்த உரம்

சேக்காட்டில் எங்கள் வீட்டுக் கொல்லையில் அத்தை வெட்டிய உரக்குழிக்கு முதல் எதிரி அப்பாதான். மூக்கைப் பொத்திக்கொண்டுதான் அந்தப் பக்கம் போவார். அத்தை அவருக்கு ஒரே தங்கை. மாமாவின் குடி தாங்காமல் ஒரு பையோடு எங்கள் வீட்டுக்கு வந்தவள், எதிரே இருந்த ஃபிளாட்டுகளின் காய்கறிக் கழிவை வாங்கிவந்து மக்கவைக்கத் தொடங்கினாள்.

மாடித் தோட்டத்துக்கு அந்த உரத்தை எடுத்துக்கொள்ள ஃபிளாட்காரர்கள் தயார். ஆனால் சத்தும் ஈரப்பதமும் சரி என்று பரிசோதனைச் சீட்டு வேண்டுமாம். அப்பாவும் அதையே பிடித்துக்கொண்டார்.

"டெஸ்ட்ல தேறிச்சின்னா இங்கயே இரு. இல்லாங்காட்டி உன் ஊட்டுக்குப் போய்ச் சேரு."

எங்களுடையது விவசாயக் குடும்பம். நெல்லோ மிளகாயோ, ஈரத்தோடு பிறர் கையில் கொடுத்தால் எடையில் ஏமாற்றுகிறோம் என்று அர்த்தம். பாவம் அத்தை, உரத்தையும் அப்படியே நினைத்துவிட்டாள். சலித்து, மொட்டை மாடியில் பழைய புடவை விரித்து, மொறமொறவென்று காயவைத்தாள். காக்கை ஓட்டும் உத்தியோகம் எனக்கு. எந்தக் காக்கைக்கு அது வேண்டும் என்று கேட்கத் தோன்றவில்லை.

வேலப்பன்சாவடியில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் பொட்டலத்தைக் கொடுத்தோம். முடிவு கேட்கப் போனபோது அப்பாவும் வந்தார்.

"சத்தெல்லாம் நல்லா இருக்கும்மா. ஈரம்தான் போதல. காய வெச்சீங்களா?" என்றார் ஆய்வகத்து அக்கா.

சீட்டு கிடைக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் அத்தை தன் பையை எடுத்துப் புடவைகளை அடுக்கத் தொடங்கினாள். அவள் போய்விடுவாள் என்று நான் பையின் காதைப் பிடித்துக்கொண்டேன்.

அப்பா சட்டையைக் கழற்றிவிட்டுக் கொல்லைக்குப் போனார். பையும் கையுமாக அத்தையும் நானும் பின்னால் போனோம். மூக்கைப் பொத்தவில்லை. குழிக்குள் முழங்கை வரை கையை விட்டு, ஒரு பிடி அள்ளிப் பிழிந்து பார்த்தார். விரலிடுக்கில் லேசாக ஈரம் கசிந்தது.

"இத்த அப்டியே கவர்ல கட்டு. நாளைக்கு நானே எடுத்துகினு போறேன்."

"அதுவும் தேறலன்னா, அண்ணே?"

"தேறலன்னா மறுபடியும் குடுப்போம். இப்ப இன்னா? அந்தப் பைய தூக்கிப் பரண் மேல போடு."

அத்தை பையைக் கட்டிக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள். பார்த்துப் பார்த்துக் கிளறிய குழியை அப்பா கலைத்துவிட்டாரே என்றுதான் அழுகிறாள் என நினைத்தேன். ஓடிப்போய் அந்தப் பள்ளத்தைக் கையால் மூடித் தட்டிச் சமமாக்கிவிட்டு, "அழாத அத்த, சரியாயிடுச்சு பாரு" என்றேன்.