மேசைக்கு எத்தனை பேர்

பிராங்பேர்ட்டில் ஒரு வைன் கடையில் எனக்கு வேலை கிடைத்ததற்குக் காரணம் என் பிரெஞ்சு. கலியாணம் கட்டி ஜெர்மனிக்கு வருமுன் சில வருடம் பாரிஸில் இருந்தேன். மற்றபடி வைனைப் பற்றி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. மாதா கோயில் பூசையில் குருவானவர் கையில் கண்டதோடு சரி.

வியாழக்கிழமைகளில் பிரான்சில் ஒரு தோட்டத்துக்குப் போன் எடுத்து ஓடர் கொடுப்பது என் பொறுப்பு. பல தலைமுறையாக ஒரே குடும்பத்தின் கையில் இருக்கும் பழைய திராட்சைத் தோட்டம் அது. அந்த வீட்டு அக்காதான் போனை எடுப்பார். என்னைவிட நன்றாக மூத்தவர், நேரில் கண்டதில்லை. அவர் பேசுவது பிரெஞ்சுதான். என் மனதில் அது எங்கள் ஊர்த் தமிழாகவே பதிந்து கிடப்பதால் அப்படியே எழுதுகிறேன்.

அங்கே இன்றைக்கும் குதிரை பூட்டித்தான் உழுகிறார்கள். டிராக்டர் ஏறினால் மண் இறுகிவிடுமாம். பூச்சிமருந்து கிடையாது. தொட்டால் கடிக்கும் காஞ்சோன்றி மாதிரி ஒரு செடியைத் தண்ணீரில் ஊறவைத்துத் தெளிப்பார்கள். பழத்தோலில் ஒட்டியிருப்பதே சாற்றைப் புளிக்க வைக்கும், வெளியிலிருந்து எதுவும் சேர்ப்பதில்லை. கெடாமல் இருக்க மற்றவர்கள் போடும் கந்தகமும் இல்லை. அதனால் திறந்த போத்தல் மறுநாளைக்கு நிற்காது.

இதை வைத்து அந்த வீட்டில் ஒரு வழக்கம். யார் குடிக்கப் போகிறார்கள், என்ன சமையல், மேசைக்கு எத்தனை பேர் என்று கேட்டுத்தான் எந்த வருடத்து வைன் என்று முடிவு செய்வார்கள். எங்கள் சனம் பெண் கொடுக்கும்போதுகூட இவ்வளவு விசாரிக்காது. நானும் கடை வாடிக்கையாளர்களிடம் எல்லாம் கேட்டு வைத்திருந்து ஒப்புவிப்பேன்.

ஓடர் முடிந்ததும், "சாப்பிட்டீங்களோ? அங்க மழையோ?" என்று கேட்பார். கணவர் இறந்து, மகனும் கனடாவுக்குப் போன பிறகு, சாப்பிட்டாயா என்று என்னைக் கேட்க வேறு ஆளில்லை. மகன் கேட்பதெல்லாம் இன்சூரன்ஸ் கட்டியாச்சா என்பதுதான். அக்காவின் அந்த ஒரு கேள்விக்காகவே நான் வியாழன் வரும்வரை காத்திருந்தேன்.

போன மாரிக் குளிரில் ஒருநாள், பீப்பாக்களைப் பார்த்துவந்த தன் தம்பி இறந்துவிட்டார் என்று ஒரே வசனத்தில் சொன்னார். நான் ஆறுதல் சொல்ல வாயெடுக்குமுன், "சரி, இந்தக் கிழமை ஆருக்கு?" என்று ஓடருக்குப் போய்விட்டார்.

இந்த வசந்தத்தில் முதலாளி ஓடர் எல்லாவற்றையும் கணினிக்கு மாற்றினார். தோட்டத்திலும் அதற்கென்று அக்காவுக்கு மருமகன் முறையான ஒருவர் பகலில் வந்து போகிறாராம். "இனி உங்களுக்கு வேலைப்பளு குறையும்" என்றார் முதலாளி. ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத கதைதான்.

அடுத்த வியாழன் முழுக்கக் கடையில் எரிந்து விழுந்துகொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்ததும் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் அடுப்படியில் நின்றபடி தோட்டத்து நம்பரை அழுத்தினேன்.

"கடையில இருந்தோ?" என்று கேட்டார்.

"இல்லை அக்கா, வீட்டில இருந்து. எனக்கு ஒரு போத்தல் வேணும்."

நான் வைன் குடிப்பதில்லை. சும்மா எடுத்தேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது, அதனால் வாயில் வந்ததைச் சொன்னேன்.

"நல்லது. என்ன சமையல்?"

"மீன் குழம்பு."

"மேசைக்கு எத்தனை பேர்?"

நாலு பேர் என்று சொல்லியிருக்கலாம். என் மேசையைச் சுற்றி நாலு கதிரைகள் இருக்கின்றன. மூன்றில் மடிக்காத உடுப்புகள் கிடந்தன.

"ஒரு ஆள்" என்றேன்.

"ஒரு ஆளுக்கு ஏலாது. மிச்சம் வீணாப் போயிடும். ரெண்டு பேராவது வேணும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஏன், தனிய இருக்கிறவைக்குத் தாகம் இல்லையோ?" என்று கேட்டுவிட்டேன்.

இருந்த ஒரு உறவையும் என் வாயால் கெடுத்துக்கொண்டேன் என்று நினைத்தேன்.

"கோவிக்காதேங்கோ" என்றார் அக்கா. "அது அப்பா வைச்ச வழக்கம். எனக்கும் அதுதான். தம்பி போன பிறகு நான் ஒரு போத்தலும் திறக்கேல்லை. கீழ நிலவறை முழுக்க வைன் கிடக்கு. மேல இருந்து நான் தண்ணிதான் குடிக்கிறன்."